அறிக்கையில் இல்லாத கேள்வி

வியாழன் இரவு, மெல்பன் புறநகர் ரோவில்.

எங்கள் முதலீட்டு நிதியம் பதிவாகியிருப்பது லக்சம்பர்க்கில். அதனால் தீர்மானங்களை அங்கேயுள்ள பணிப்பாளர்கள்தான் எடுக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் எல்லாவற்றையும் மெல்பனில் எடுத்துவிடுவோம். கூட்ட அறிக்கையைக்கூட நான் கூட்டத்துக்கு முதல் நாளே எழுதிவிடுவேன். "நீண்ட கலந்துரையாடலின் பின் ஏகமனதாக" என்ற வரி அதில் எப்போதும் இருக்கும்.

இன்று மாலை வீடியோவில் கூடினோம். அங்கே மூன்று பேர். தங்களுக்குள் லக்சம்பர்க் மொழியிலும் பிரெஞ்சிலும் மாறி மாறிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைக் கண்டதும் ஆங்கிலத்துக்கு வந்தார்கள். வழக்கமாகத் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இன்று, புதிதாகச் சேர்ந்த பெண்மணி கேட்டார்: "இதை உண்மையில் தீர்மானித்தது யார்?"

என் மேலதிகாரி குமார், "நீங்கள்தான்" என்றார். அந்தப் பெண்மணியும் மற்றவர்களோடு ஆதரவாகக் கையை உயர்த்தினார். பதினொரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

கேள்வியை அறிக்கையில் சேர்த்து அனுப்பினேன். குமார் உடனே அழைத்தார். அவர் மலேசியாக்காரர்.

"அந்தக் கேள்விய எடுத்துருங்க, தர்ஷினி. நீங்க முதல்ல எழுதினதே போதும் லா."

எடுத்துவிட்டேன். கீழே கையெழுத்திடப்போவது அந்தப் பெண்மணி, நானில்லை.

குசினியில் சமைத்துக்கொண்டிருந்த என் கணவர் குரல் கொடுத்தார்: "கூட்டம் முடிஞ்சுதோ?"

"ஓம். நேற்றைக்கே முடிஞ்சுது."

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.