இணைப்பு ஒன்பது

மார்ச் 3, திங்கள்

இன்று நாலாவது கவுன்டரில் நூற்றுப் பதினான்கு பேர். முப்பத்தொன்பது பேரைத் திருப்பி அனுப்பினேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைதான். இந்த நகராட்சியில் இருபத்திரண்டு வருடமாக, ஒரு தாள் குறைந்த விண்ணப்பம்கூட என் மேஜையைத் தாண்டியதில்லை. "எங்க ஆபீஸ் வடிகட்டி" என்றுதான் கண்காணிப்பாளர் என்னை அறிமுகம் செய்துவைப்பார். வீட்டில் சொன்னேன். "வடிகட்டியில தங்குறது எதும்மா?" என்றாள் மகள். கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வாய் நீண்டுவிட்டது.

புது ஆணையர் பொறுப்பேற்றார். முப்பத்திரண்டு வயதுப் பெண். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையோடு அலைந்திருப்பார். காரில் வந்து இறங்குவார் என்று எல்லாரும் வாசலில் காத்திருந்தால், அவர் பக்கவாட்டு வழியாக வந்து வரிசையில் நின்றிருக்கிறார். என் வரிசையில். "டீ டைம், பத்து நிமிஷம் கழிச்சு வாங்க" என்று நான் சொன்னவர்களில் அவரும் ஒருவர்.

சிரித்துவிட்டு நகர்ந்தாராம். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

கூட்டம். ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார் ஆணையர். உள்ளே நாங்கள் திருப்பியனுப்பிய விண்ணப்பங்களின் நகல்கள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுங்க. இனிமே அது உங்க விண்ணப்பம். அடையாள அட்டையைக் கழட்டி வச்சிட்டு, மனுதாரர் மாதிரியே அலைஞ்சு வாங்கிட்டு வாங்க. அப்புறம் என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க."

கண்காணிப்பாளர் "பார்க்கலாம் மேடம்" என்றார். எதற்கும் அவர் சொல்வது அதுதான். அதனால் அலுவலகத்தில் அவர் பெயரே 'பார்க்கலாம் சார்'. மே கடைசியில் ஓய்வு பெறுகிறார். பணி மூப்பின்படி அந்த நாற்காலி எனக்கு. (எழுதி வைக்கும்போதே நிமிர்ந்து உட்காருகிறேன், பார்.)

எனக்கு வந்தது: ஒரு வீட்டுக்குக் கதவு எண். மனுதாரர் பள்ளி வேன் ஓட்டும் பெண். எட்டு முறை திருப்பப்பட்டிருக்கிறது. கடைசி மூன்று முறையும் சிவப்பு மையில் ஒரே வரி – "இணைப்பு 9 இல்லை."

கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது. என்னுடையது அல்லவா.

மார்ச் 10, திங்கள்

மனுதாரரின் சம்மதம் வேண்டுமே என்று போன் செய்தேன். வீட்டுக்கு வழி கேட்டேன். "வழி சொல்றது கஷ்டம் மேடம். நம்பர் இல்லையே" என்றது குரல். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மரக்கடைக்குப் பின்னால் ஒரு சந்து. நாற்பத்து மூன்று வீடுகள், பாதிக்கு மேல் ஒரே பச்சைக் கதவு. மூன்று வீட்டில் தவறாகத் தட்டினேன். நாலாவது சுவரில் முழ உயரச் சிவப்பு எழுத்து: "ஆம்புலன்ஸ் இங்கே". பக்கத்தில் ஒரு அம்புக்குறி. சிரிப்பு வந்தது. உள்ளே போனதும் நின்றுவிட்டது.

அந்தப் பெண்ணின் கணவர் எடைமேடையில் வேலை பார்த்தவர். போன மழைக்காலத்தில் ஒரு காலையில் மூளையில் ரத்தம் அடைத்து விழுந்துவிட்டார். அன்றைக்கென்று பார்த்து வேன் மெக்கானிக்கிடம்.

"சைரன் சத்தம் கேக்குது மேடம், வண்டி மட்டும் வரல. ஓடிப் போய்ப் பார்த்தா அடுத்த தெருவுல ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருக்காங்க. முப்பத்தஞ்சு நிமிஷம். திரும்பவும் வரலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதான் நம்பருக்கு அலையறேன்."

வலது கை போய்விட்டது. பேச்சும் பெரும்பாலும் போய்விட்டது. அவர் என்னைப் பார்த்து மெதுவாக, முழு முயற்சியோடு ஒரே சொல் கேட்டார்: "நம்பர்?"

"அஞ்சாறு வார்த்தைதான் திரும்பி வந்திருக்கு. அதுல அது ஒண்ணு" என்றார் மனைவி. பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "நீங்கதானே 'போர்டைப் படிங்கம்மா'ன்னு சொன்னவங்க?"

நான்தான்.

"போர்டு பீரோவுக்குப் பின்னாடி இருக்கு மேடம்."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கவுன்டர் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பீரோவின் முதுகு தெரிவதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கால் ரெண்டும் விண்விண் என்று தெறிக்கிறது.

இணைப்பு 9 என்பது குடிநீர் இணைப்பு அட்டையின் நகல். சரி என்று குடிநீர்ப் பிரிவுக்குப் போனேன். அது வேறு கட்டிடம். அங்கே என்னை யாருக்கும் தெரியாது. ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். உள்ளே இருந்தவர் தலை நிமிரவில்லை. "சொத்து வரி ரசீது எங்க?" என்றார். எங்கே வாங்குவது என்று கேட்டேன். "எழுதிப் போட்டிருக்கு, படிச்சுப் பாருங்கம்மா."

அந்த 'அம்மா'வில் என் குரல் அப்படியே இருந்தது. காப்பியடித்தவன் மாதிரி.

வரிப் பிரிவு, அதற்கும் அடுத்த தெரு. பேனா கேட்டேன், முறைத்தார்கள். நாற்காலி கேட்கவில்லை, புத்தி வந்திருந்தது. கடைசியில் ஒரு பெண் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "கதவு எண் போடலையே? கதவு எண் வாங்கிட்டு வாங்க" என்றாள்.

கதவு எண்ணுக்குத் தண்ணீர் அட்டை. தண்ணீர் அட்டைக்கு வரி ரசீது. வரி ரசீதுக்குக் கதவு எண்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் டிப்போவில் மெக்கானிக். எந்த வண்டி நின்றாலும் கீழே படுத்துப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். இதற்குப் படுக்கவே இல்லை. விழுந்து விழுந்து சிரித்துப் புரையேறிவிட்டது. "ஸ்டார்ட் ஆகணும்னா ஓடணும், ஓடணும்னா ஸ்டார்ட் ஆகணும். இதையா இத்தனை வருஷமா ஓட்டிக்கிட்டு இருக்கீங்க?"

மகள் ஒரு வட்டம் வரைந்து மூன்று அம்புக்குறி போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 12, புதன்

பீரோவை நகர்த்தச் சொன்னேன். போர்டு இருந்தது. அதன்மேல் ஒரு சிலந்திக் குடும்பம் குட்டியோடு குடியிருந்தது. கதவு எண் இல்லாமல்தான்.

மார்ச் 14, வெள்ளி

இணைப்பு 9 எந்த உத்தரவில் வருகிறது என்று கண்டுபிடித்தால், திருத்தச் சொல்லி மேலே எழுதலாம். அதற்காகப் பதிவறையில் மூன்று மணி நேரம். தும்மித் தும்மி மூக்கு தக்காளி மாதிரி ஆகிவிட்டது.

உத்தரவு கிடைத்தது. அதில் மொத்தமே இரண்டு இணைப்புதான் கேட்டிருக்கிறது. வீட்டுப் பத்திரம், மனுதாரரின் அடையாளம். அவ்வளவுதான்.

அப்படியானால் எங்கள் படிவத்தில் கேட்கும் பதினோரு இணைப்பு எங்கிருந்து வந்தது? அடுத்த கட்டைப் பிரித்தேன். படிவத்தின் முதல் பிரதி. பதினான்கு வருடத்துக்கு முந்தையது. அடியில், தட்டச்சு செய்தவரின் சுருக்கொப்பம்.

என்னுடையது.

நினைவு வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். அப்போது இருந்த மேலாளர், "பக்கம் பாதி காலியா இருக்கு, மொட்டையாத் தெரியுது. கனமா எதையாவது போடும்மா" என்றார். என் கைப்பையில் ஒரு நூலகப் படிவம் இருந்தது, மகளைக் குழந்தைகள் பிரிவில் சேர்ப்பதற்காக வாங்கியது. முகவரிக்கு ஆதாரம் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. பார்த்துத் தட்டிவிட்டேன். ஒன்பதாவது, குடிநீர் அட்டை. தட்டச்சு சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டுக்கூட வாங்கினேன்.

என்னடி பண்ணி வச்சிருக்க நீ? ஒரு லைப்ரரி கார்டுக்கு எழுதினதை வச்சு ஊரையே சுத்த விட்டிருக்கியே. அந்த மனுஷன் வாயத் தொறந்தா "நம்பர்"ங்கிறாரு –

பார்க்கலாம் சாரிடம் மட்டும் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "பழைய கட்டை எதுக்குப் பிரிக்கிறீங்க? இருந்த இடத்துல வச்சிடுங்க. ஜூன்ல என் சீட்டு உங்களுக்கு. இந்த நேரத்துல பணிப் பதிவேட்டுல கீறல் விழணுமா?" அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் சங்கடம்.

மார்ச் 15, சனி

சொல்லாமலும் திருத்தலாம். "நடைமுறை எளிமைப்படுத்தப்படுகிறது" என்று ஒரு குறிப்பு வைத்தால் போதும். யார் தட்டியது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

மார்ச் 16, ஞாயிறு

துணி மடிக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்: "பிரேக் பிடிக்கலைன்னா, எவன் மாட்டினான்னு எழுதித்தான் ஆகணும் எங்க டிப்போவுல. உங்க ஆபீஸ்ல எப்படி?"

"எங்க ஆபீஸ்ல பார்க்கலாம்" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சட்டையை மூன்றாம் முறையாக மடித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 17, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஆளாளுக்கு அலைந்த கதையைச் சொன்னார்கள். ஆறாம் கவுன்டர்காரர் பிறப்புச் சான்றிதழுக்குப் போய், தான் பிறந்ததற்கே ஆதாரம் இல்லாத மாதிரி ஆகிவிட்டதாகச் சொன்னார். ஒரே சிரிப்பு. என் முறை வந்தது. அந்த வட்டத்தைச் சொன்னேன். ஆணையர், "இணைப்பு ஒன்பது யார் போட்ட உத்தரவு?" என்று கேட்டார்.

பார்க்கலாம் சார் முந்திக்கொண்டார். "மேலிடத்து உத்தரவு மேடம். நாம கை வைக்க முடியாது."

எழுந்துவிட்டேன். "உத்தரவு இல்லை மேடம். நான்தான். எதையாவது போடுன்னாங்க, நானா சேர்த்தேன். ஒன்பதாவது மட்டும் இல்ல. மூணுலேருந்து பதினொண்ணு வரைக்கும் எல்லாமே." நூலகம், கைப்பை எல்லாவற்றையும் சொன்னேன்.

ஆணையர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு நாள்ல இதை யாரும் கேள்வி கேக்கலையா?"

"கேட்டாங்க மேடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னவங்க எல்லாரும் கேட்டாங்க."

ஆணையர் படிவத்தை மடித்துத் தன் கோப்பில் வைத்தார். பிறகு சொன்னார்: "நீங்க சொன்னதுக்கு நன்றி. மெமோவும் வரும். ரெண்டையும் சேர்த்தே எடுத்துக்குங்க."

மார்ச் 18, செவ்வாய்

மெமோ வந்தது. அழகாகத் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஒரு எழுத்துப்பிழை இருந்தது, சுட்டிக்காட்டவில்லை. நானும் திருந்துகிறேன்.

மார்ச் 21, வெள்ளி

படிவம் திருத்தியாகிவிட்டது. இரண்டே இணைப்பு. அந்தச் சந்து முழுவதுக்கும் எண் போட உத்தரவு. அளவெடுக்க நானும் போனேன். நாற்பத்து மூன்று தகடுகள். வேன்காரப் பெண்ணின் வீடு இருபத்தாறு. ஆணி அடிப்பதை அவர் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். தகடு கொஞ்சம் சாய்ந்திருந்தது. இடது கையை ஆட்டி ஆட்டி நேராக்க வைத்துவிட்டார். எடைமேடைக்காரர் அல்லவா.

வேன்காரப் பெண்ணிடம் இணைப்பு ஒன்பதின் பிறப்பு வளர்ப்பைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எட்டு தடவை வந்தேன் மேடம்" என்றார்.

ஏப்ரல் 2, புதன்

பார்க்கலாம் சார் என்னோடு பேசுவதில்லை. கோப்புகள் மட்டும் பேசிக்கொள்கின்றன. "ஆவன செய்க" என்று எழுதி அனுப்புகிறார். "செய்யப்பட்டது" என்று எழுதி அனுப்புகிறேன். எங்கள் உறவு இப்போதுதான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 23, புதன்

கவுன்டர் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். முதல் நாள் உடுத்தாமல் வந்த மாதிரி இருந்தது. மக்கள் குனியாமல் பேசுகிறார்கள். அவர்களுக்கும் பழக்கமில்லை, ஒருவர் இல்லாத ஓட்டைக்காகக் குனிந்து, மேஜையில் இடித்துக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

பத்தே முக்காலுக்குப் போன். வேன்காரப் பெண். குரல் பதறியது.

"மேடம், இவருக்குத் திரும்ப வந்துடுச்சு. ஆம்புலன்ஸ்ல போய்க்கிட்டு இருக்கோம். இருபத்தாறுன்னேன், நேரா வாசல்ல வந்து நின்னாங்க. பதினோரு நிமிஷம் மேடம்."

ஏன் என்னைக் கூப்பிட்டார்? தெரியவில்லை. வரிசையில் நின்றவரிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை.

மே 9, வெள்ளி

பிழைத்துக்கொண்டார். நேரத்தோடு வந்ததால் புதிதாக எதுவும் போகவில்லையாம். இருந்த சொற்களெல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம்.

ஜூன் 2, திங்கள்

கண்காணிப்பாளர் நாற்காலி ஆறாம் கவுன்டர்காரருக்கு. என் பணிப் பதிவேட்டில் 'கண்டிக்கப்பட்டார்' என்று இருப்பதால் இந்த முறை என் பெயர் பரிசீலிக்கப்படவில்லை. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று யார் சொன்னது?

பார்க்கலாம் சார் கடைசி நாளன்று என் மேஜைக்கு வந்தார். இரண்டு மாதத்தில் முதல் பேச்சு. "நீங்க செஞ்சது..." என்று ஆரம்பித்து, நிறுத்தி, "எனக்குத் தைரியம் வந்திருக்காதும்மா" என்று முடித்தார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நாற்காலி போனா என்ன, ஸ்டூல் இருக்கு" என்று பிரிவு விழாவில் கொடுத்து மிச்சமிருந்த ஸ்வீட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ஆறுதல் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஜூன் 26, வியாழன்

வேன்காரப் பெண்ணும் கணவரும் கவுன்டருக்கு வந்தார்கள். அவர் கைத்தடி ஊன்றி நடந்தே வந்தார். எண் வந்துவிட்டது, ஆனால் சந்துக்கு இன்னும் பெயர் இல்லையாம். அதற்கு மனு கொடுக்க அந்த நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் அவரைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

"என்ன ஃபார்ம் மேடம்?" என்று கேட்டார் மனைவி.

தேடினேன். தெருவுக்குப் பெயர் கேட்பதற்கு எங்களிடம் படிவமே இல்லை. இத்தனை வருடமாக எல்லாரும் அச்சடிக்க மறந்திருக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினேன். "என்ன வேணும்னு இதுல எழுதிக் குடுங்க, போதும்."

மனைவி பேனாவை எடுக்கப் போனார். கணவர் விடவில்லை. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாராம். என் மேஜை மீதே சாய்ந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக. நாலு வரி. இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். நான் நிமிர்ந்து பார்த்தேன், நிறுத்திக்கொண்டார்.

கோணல்மாணலாக இருந்தாலும் எல்லாம் படிக்க முடிந்தது. தேதி மட்டும் போடவில்லை.

நானே போட்டுக்கொண்டேன்.