வியாழக்கிழமையை விட்டுவிடாதே

அன்புள்ள பிரதீப் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக வலித்துக்கொண்டிருக்கிறது. நீயும் சுகம்தானே என்று எழுத வந்தேன், நிறுத்திவிட்டேன். அப்படிக் கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய். எப்படி இருக்கிறாய் கண்ணு? போனிலேயே கேட்டிருக்கலாம், ஆனால் போனில் எனக்கு வாய் முந்திக்கொள்கிறது, போன மாதம் நடந்ததே போதும். மடத்துக்குளத்துச் சித்தி இருபது தேங்காய் கொடுத்துவிட்டிருக்கிறாள். பனியன் கம்பெனியில் ஆர்டர் நிறைய. செக்கிங் மேசையில் எனக்கு எதிரே ஒடிசாப் பெண் ஒருத்தி புதிதாக வந்திருக்கிறாள், அவளுக்கு நான் தமிழும் எனக்கு அவள் இந்தியும் சொல்லிக்கொடுத்து இரண்டு பேருக்கும் இரண்டும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தூக்கமே வருவதில்லை, இங்கே ராட்டர்டாமில் வியாழக்கிழமைதோறும் ஒரு மனநல ஆலோசகர் அம்மாவிடம் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று நீ சொன்னதும் நான் குதித்தேன் அல்லவா. உனக்கென்ன பைத்தியமா, வெளியில் தெரிந்தால் யார் பெண் கொடுப்பார்கள், இனிமேல் போகவே கூடாது என்று கத்தினேன். செரிம்மா, போகல என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அப்பாவுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் மூன்றாம் நாளே மனது அரிக்க ஆரம்பித்தது. அங்கே போய் அப்படி என்னதான் பேசியிருப்பான், அந்த அம்மா என்னதான் செய்வார், மருந்து கொடுப்பாரா, தலையில் கரண்டு வைப்பாரா. இதை நம் வளவு வீடுகளில் யாரிடமும் கேட்க முடியாது, சாயங்காலத்துக்குள் குழாயடிக்குப் போய்விடும். அதனால் நானே ஒருவரிடம் போய்ப் பார்த்துவிடுவதென்று முடிவு செய்தேன். சிரிக்காதே.

கம்பெனி நர்ஸ்தான் விலாசம் கொடுத்தாள், காதர்பேட்டைப் பக்கம் ஒரு மாடி. அரை நாள் லீவு போட்டேன். எப்படியும் ரத்தம் எடுப்பார்கள் என்று காலையில் காபிகூடக் குடிக்காமல் வெறும் வயிற்றோடு போனேன். அப்பா வண்டியில் கொண்டுபோய் விட்டார், ஆனால் மாடி ஏறவில்லை. தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அந்த வெயிலில் ஒரு மணி நேரம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கீழே நின்றிருக்கிறார், அதனாலேயே போகிறவர் வருகிறவர் எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்களாம். மேலே ஊசியும் இல்லை, மருந்து வாசமும் இல்லை. இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், கண் துடைக்கக் காகிதம், அவ்வளவுதான். ஆலோசகர் பெயர் மோனிஷா, உன் வயதுதான் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னாள். இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். மாத்திரை தேவைப்பட்டால் அதற்கு வேறு டாக்டர் இருக்கிறார். பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாம். சில நாள் பேசிவிட்டுப் போனால் மனது இன்னும் கனமாகக்கூட இருக்குமாம், அதற்காகப் பயந்து நின்றுவிட வேண்டாம் என்றாள். எனக்கு ஒவ்வொன்றும் ஆச்சரியமாக இருந்தது, உனக்கும் இப்படித்தான் சொன்னார்களா?

பிறகு நான் பர்சிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினேன். இருபத்திரண்டு வருஷமாகப் பனியனைத் திருப்பிப் போட்டு, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றிலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய ஆல்டருக்கு அனுப்புகிறவள் அல்லவா, உன்னையும் அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தேன். தூக்கமில்லை, இளைத்துவிட்டான், கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைக்கிறான் என்று மொத்தம் ஒன்பது குறை. இதெல்லாம் எத்தன வாரத்துல சரி பண்ணித் தருவீங்க என்றும் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. சீட்டை மடித்து என்னிடமே கொடுத்து, தம்பியப் பத்தித் தம்பிதானுங்கம்மா சொல்லோணும், இங்க வந்திருக்கறது நீங்க, நீங்க எப்படி இருக்கறீங்க என்று கேட்டாள்.

நல்லாத்தானுங்க இருக்கறேன் என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்தாள். எதிரே இருப்பவர்கள் பேசாமல் இருந்தால் எனக்குத் தாங்காது, உனக்குத் தெரியும். நம் போன் சண்டையைச் சொல்ல ஆரம்பித்தேன், நீ செரிம்மா என்று சொன்ன இடம் வந்ததும் அதையே இரண்டு தடவை சொன்னேன். தம்பி இப்படிச் செரிம்மான்னு சொல்லி முன்னால எப்பவாச்சும் கேட்டிருக்கறீங்களா என்றாள். அப்போதுதான் குன்னத்தூர் ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றரை ஷிப்ட் பார்த்த காலம், உன்னை ஆறாம் வகுப்பில் அங்கே விட்டோம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பும்போதெல்லாம் என் சேலையைப் பிடித்துக்கொண்டு அழுவாய். அழுகாத கண்ணு, நீ அழுகறதப் பாத்தா அப்பா வேலைக்கே போக மாட்டாரு என்று ஒருநாள் சொன்னேன். செரிம்மா என்றாய். அடுத்த ஞாயிறு நீ அழவில்லை, அதற்குப் பிறகு நீ அழுது நான் பார்த்ததே இல்லை. பையன் தேறிவிட்டான் என்று பஸ்ஸில் சந்தோஷமாகத் திரும்பி வந்தேனே, அதை நினைத்து அங்கேயே அழுதேன். தப்பு என்று அந்தப் பெண் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, அழுது முடிக்கும்வரை கூட இருந்தாள். கீழே வந்ததும், என்ன சொன்னார்கள் என்று அப்பா கேட்டார். பசிக்குதுங்க என்று மட்டும் சொன்னேன், எதிர்க் கடையில் ஐந்து இட்லி சாப்பிட்டேன்.

போகாதே என்று உன்னிடம் சொன்னது என் தப்பு கண்ணு. நீ மறுபடி போக வேண்டும். பெண் கொடுக்கிறவர்கள் கொடுக்கட்டும், மற்றவர்கள் அவரவர் வீட்டில் இருக்கட்டும். அங்கே உட்கார்ந்து நல்லா இருக்கேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே, நான் செய்து பார்த்தேன், நடக்கவில்லை. அந்த அம்மா உனக்கு ஒத்துவரவில்லை என்றால் வேறு ஒருவரிடம் போகலாமாம், அதையும் கேட்டு வைத்தேன். வருகிற புதன்கிழமை நான் மறுபடி போகிறேன், இந்தத் தடவை அப்பாவும் மாடி வரைக்கும் வருகிறாராம், ஹெல்மெட்டோடு.

மாரியம்மன் உனக்குத் துணையிருப்பாள், நீ நன்றாகத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை போய்விட்டு வந்ததும் போனேன் என்று ஒரு வார்த்தை அனுப்பு, என்ன பேசினாய் என்று கேட்க மாட்டேன். என்னைப் பற்றிச் சொல்ல வரும்போது அம்மா பாவம் என்று விழுங்கிவிடாதே, அந்த ஞாயிற்றுக்கிழமைகளைச் சொல். அழுகை வந்தால் அழு கண்ணு, அப்பா வேலைக்குப் போய்விடுவார்.

உன் அம்மா,
ந. மயிலாள்
திருப்பூர்