வெண்ணெய் வாசமடிக்கும் பேல் ஏல்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். புனேயில் எங்கள் ஹடப்சர் முழுக்கச் சேறு. ஸ்கூட்டியை, பீர் காய்ச்சும் ப்ரூவரி ஷெட்டுக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்தினேன்.

புது பேல் ஏல் பீருக்கு இன்று ருசி பார்க்கும் நாள். ருசி பார்க்கிறவளுக்கு வழக்கமான பத்தியம்: காபி இல்லை, ஊறுகாய் இல்லை, முகத்துக்கு க்ரீம் இல்லை.

நிறம் இளம் செம்பு. தெளிவு. நுரை நன்று, கிளாஸ் ஓரத்தில் ஒட்டி நிற்கிறது. முதல் மூச்சில் ஆரஞ்சுத் தோல், பின்னால் கொஞ்சம் பைன் மரம். ஹாப்ஸ் பூவின் வாசம் இவ்வளவு அழகாக இங்கே வந்ததே இல்லை. சந்தோஷப்படப் போனேன்.

இரண்டாவது மூச்சு. வெண்ணெய். தியேட்டர் பாப்கார்ன் மேல் ஊற்றுவார்களே, அது. நாக்கில் வழவழப்பு. பேல் ஏல் என்றால் குடித்ததும் வாய் கசந்து உலர்ந்து அடுத்த மடக்கு கேட்க வேண்டும். இது எண்ணெய் பூசிவிட்டுப் போகிறது.

காரணம் தெரிந்ததுதான். நொதிக்கும்போது ஈஸ்ட்டே இந்த வாசத்தை உண்டாக்கும், பிறகு தானே தின்று தீர்க்கும். அதற்கு டேங்க் இன்னும் சில நாள் கதகதப்பாக இருக்க வேண்டும். நிகில் அதற்குள் குளிர வைத்துவிட்டான். புது தலைமை ப்ரூவர். முதலாளி ரோஹித்தின் காலேஜ் நண்பன். சனிக்கிழமை வெளியீட்டு விழாவாம், அந்த அவசரம்.

‘நிகில், வெண்ணெய் அடிக்குது. டேங்கை மறுபடி கொஞ்சம் சூடு பண்ணி விடு, தானா சரியாயிடும்’ என்றேன்.

‘அரே தேவிகா, நீங்க சவுத்காரங்க இட்லிக்கே நெய் ஊத்துறவங்க. எதை மோந்தாலும் வெண்ணெய்தான் தெரியும்.’

ரோஹித் சிரித்தான். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

(பேச்செல்லாம் அங்கே இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன், திட்ட வசதி.)

ஜூன் 11, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

வார்த்தையில் நம்ப மாட்டார்கள் என்று செய்து காட்டினேன். இரண்டு ஜாடி, ஒரே பீர். ஒன்றை மூடிச் சுடுநீரில் வைத்தேன் (அந்தச் சூட்டில், ஒளிந்திருக்கும் வெண்ணெய் வாசமும் வெளியே வந்துவிடும்), ஒன்று சும்மா. ஆறியதும் திறந்தால், சுட்டது பாப்கார்ன் வண்டியேதான். ரோஹித் முகர்ந்தான். முகம் மாறியதைப் பார்த்தேன். ஜாடியை மூடித் தள்ளி வைத்தான்.

நிகிலுக்குத்தான் ரோஷம். ‘சூடு பண்ணினா எதுவும்தான் நாறும். குளிர்ந்த பீர்ல கண்டுபிடி பார்ப்போம்.’ என்னைச் சுவர் பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு மூன்று கப் வைத்தான். பழைய நல்ல பேல் ஏல் இரண்டில், புதுசு ஒன்றில். எடுத்துக் காட்டினேன். கலைத்து வைத்தான். மறுபடி எடுத்தேன். கடைசியில் களவாணி மூன்றிலும் பழையதையே ஊற்றி வைத்திருந்தான். ‘மூணும் ஒண்ணுதான்’ என்றேன்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மடச்சி.

ரோஹித் தோளைக் குலுக்கினான். ‘உன் நாக்கு மெஷின், ஒத்துக்கறேன். குடிக்க வர்றவன் நாக்கு மெஷின் இல்லையே. எல்லாரையும் கூப்பிட்டாச்சு தேவிகா. சனிக்கிழமை இதுதான் போகும்.’

தெரியாமல் செய்தால் சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்தே செய்கிறவனை?

வாங்க: துவரம் பருப்பு, வெந்தயம், வீட்டுக்காரர் பி.க்கு ரெயின்கோட் (ஜிப் போய்விட்டது).

ஜூன் 13, வெள்ளி



மத்தியானம் பி. ஆபீஸிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பிம்ப்ரியில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் முருகேசு, விமான் நகர் பப் ஒன்றின் வாசலில் எடுத்ததாம். நாளை விழா நடக்கப்போகிற பப். ஆள் உயரத்துக்கு அட்டை. அட்டையில் நான். ஏப்ரனோடு, கிளாஸைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறேன். போன தீபாவளிக்கு ப்ரூவரியில் எடுத்த போட்டோ. கீழே கொட்டை எழுத்தில்: தேவிகா ருசித்தாள், தேவிகா சரி என்றாள்.

யாரைக் கேட்டு? யாரைக் கேட்டு?

ரோஹித்துக்கு போன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

அதற்குள் முருகேசு படத்தைக் குடும்ப வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டான். ஈரோட்டிலிருந்து அத்தை போன், பி.யின் அம்மா.

‘ஏம் அம்மணி, சாராயக் கடை வாசல்ல உம் படம் வெச்சிருக்குதாமா?’

‘சாராயம் இல்லீங்கத்தை, பீருங்க. நம்ம கம்பெனி தயாரிக்கறதுங்க.’

‘ருசி பாக்கற வேலையின்னா பிஸ்கோத்து, மசாலாப் பொடின்னுல்ல நெனச்சேன். நீ அதைய வாயில வெக்கறயா இல்லியா, அதச் சொல்லு.’

‘வெச்சுத்தானுங்க பாக்கோணும்.’

‘வெச்சுட்டுத் துப்பீருவியா?’

‘கொஞ்சம் முழுங்கோணுங்க அத்தை. கசப்பு தொண்டையிலதான் தெரியும்.’

உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். ‘அட முருகா’ என்று ஒரு சத்தம். லைன் கட்.

சாயங்காலம் பி. ஷூவைக் கழற்றும் முன்பே, ‘அம்மாட்ட எதுக்கு அதைச் சொன்ன? ஃபுட் லேப்னுதான சொல்லி வெச்சிருந்தேன்.’

‘நீங்க சொல்லி வெச்சது பொய்.’

‘சரி, அந்தப் படத்தை மட்டும் எடுக்கச் சொல்லேன்.’

‘படம் கெடக்குது. அடியில எழுதியிருக்கறதப் படிச்சீங்களா? நான் வேண்டாம்னு சொன்ன பீருங்க அது!’

கோபத்திலும் ‘ங்க’. பழக்கம்.

படித்தார். ‘ஓ’ என்றார். ஓ! அவ்வளவுதான்.

எல்லோருக்கும் என் வாயில் பீர் போனதுதான் பிரச்சினை. அதே வாயில் ஒரு பொய்யைத் திணித்திருக்கிறார்கள், அது ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. ராத்திரிக்குச் சமைக்கவில்லை. பிரெட்.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று நல்ல மழை, துணி எதுவும் காயவில்லை.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். பிறகு, அட்டை மட்டும் அங்கே நின்று சிரிக்க, நான் வீட்டில் உட்கார்ந்து அழுவதா என்று தோன்றியது. பி. காரில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரவில்லை என்றார்.

விமான் நகர் ஐ.டி. கூட்டம் முழுக்க அங்கேதான். அட்டைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு பேர் செல்ஃபி. ரோஹித் என்னைப் பார்த்ததும், ‘வந்துட்டாங்க நம்ம ஸ்டார்!’ அட்டையை எடுக்கச் சொன்னேன். ‘நாளைக்குப் பேசலாம், ப்ளீஸ், இன்னைக்கு வேண்டாம்.’

ஒரு பெண், கையில் ஹெல்மெட், கிளாஸை என்னிடம் நீட்டினாள். ‘இதுல பாப்கார்ன் வாசம் வருதே மேடம், வேணும்னே போட்டதா?’

நான் வாயைத் திறக்கும் முன் நிகில் மைக்கைப் பிடித்துவிட்டான். ‘சபாஷ், கண்டுபிடிச்சிட்டாங்க! எங்க ஸ்பெஷல் அதுதான். பட்டர்ஸ்காட்ச் டச்!’

கைதட்டல்.

செவ்வாய்க்கிழமை என் இட்லி நெய். சனிக்கிழமை அவனுடைய பட்டர்ஸ்காட்ச்.

எப்படி மேடைக்குப் போனேன், தெரியாது. மைக்கை அவன் கையிலிருந்து பிடுங்கியது நினைவிருக்கிறது. ‘வாசல்ல அட்டையா நிக்கறது நான்தான். இந்தப் பீரை நான் சரின்னு சொல்லல. வேண்டாம்னு சொன்னேன். இது பட்டர்ஸ்காட்ச் இல்ல, தப்பு. இன்னும் சில நாள் விட்டிருந்தா நல்ல பீரா வந்திருக்கும்.’ இந்தியில் பீர் பெண்பால். நான் அவசரத்தில் ஆண்பாலாக்கிவிட்டேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மைக் செத்தது, ரோஹித் ஒயரை உருவியிருந்தான்.

ஹெல்மெட்காரி கிளாஸை மேஜையில் வைத்தாள். இன்னும் சிலரும் வைத்தார்கள். முன்வரிசையில் ஒரு தாடி மட்டும், ‘எனக்குப் பிடிச்சிருக்கே’ என்று குடித்துக்கொண்டே இருந்தான். குடி, ராஜா.

திரும்பினால் கதவோரம் பி. எப்போது உள்ளே வந்தாரோ.

காரில் முண்ட்வா சிக்னலில் நின்றபோது பி., ‘உன் இந்தி கேவலம்.’ சிக்னல் விழுந்து வண்டி கிளம்பியதும், ‘ஆனா எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுது.’

ஜூன் 16, திங்கள்

ரோஹித்திடமிருந்து மெசேஜ். எல்லோர் முன்னாலும் நிகிலிடம் மன்னிப்புக் கேட்டால் உள்ளே வரலாமாம். மேடை ஏறி மானத்தை வாங்கிவிட்டேனாம். யாருடைய மானத்தை?

நீளமாகப் பதில் அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன். கடைசியில் அனுப்பியது: மாட்டேன்.

ஆக, வேலை போயிற்று. அங்கே கிடப்பவை: என் கிளாஸ் செட், கம்பளிச் சட்டை (குளிர் அறைக்கு), ரப்பர் செருப்பு.

அத்தை போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை. மாவு அரைத்தேன். இன்று காபி இரண்டு டம்ளர், கேட்க ஆளில்லை.

ஜூன் 19, வியாழன்

பண்டரிபுரம் போகும் பால்கி (பல்லக்கு) ஊர்வலம் வருகிறதாம், ஹடப்சர் ரோட்டில் இப்போதே தடுப்புகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

பீப்பாய் கழுவுகிற சங்கீதா தாய் (மராத்தியில் அக்கா) போன் செய்தாள். விமான் நகர் பப், இருந்த பீப்பாய்களைத் திருப்பி அனுப்பிவிட்டதாம். பாதிப் பேர் கிளாஸில் மீதி வைத்துவிட்டுப் போகிறார்களாம். டேங்கில் இருந்ததையும் சேர்த்துச் சாக்கடையில் விட்டாயிற்று. ‘பூரா ஷெட்டும் பாப்கார்ன் வாசம், தாய்.’

சந்தோஷம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அந்த ஆரஞ்சுத் தோல் வாசம் எவ்வளவு நன்றாக வந்திருந்தது. கொஞ்சம் பொறுத்திருந்தால் அத்தனையும் நல்ல பீர். பாவிகள்.

பிறகுதான் ரோஹித் இன்ஸ்டாவில் போட்டிருந்ததைப் பார்த்தேன். மறுபடி என் படம். அதே சிரிப்பு. ‘தரத்தில் சமரசம் இல்லை. எங்கள் தேவிகா வேண்டாம் என்றாள், நாங்கள் கொட்டினோம்.’

எங்கள் தேவிகா!

ஆட்டோ பிடித்து நேராக விமான் நகர். அட்டை இன்னும் வாசலில்தான். தூக்கினேன். பப் மேனேஜர் ஓடி வந்தார். ‘மேடம், அது கம்பெனியோடது.’

‘மூஞ்சி யாரோடது?’

அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வழி விட்டார்.

ஆட்டோவில் குறுக்கே வைத்தால் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ‘தாய், தல நனையுது.’ ‘நனையட்டும்’ என்றேன்.

வீட்டுக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தால், பி. அத்தையோடு வீடியோ காலில். அட்டையும் நானும் சேர்ந்து உள்ளே வருவதை அத்தை பார்த்துவிட்டார்.

‘இதென்ன கூத்து?’

பி. சொன்னார். மேடை, மைக், மன்னிப்பு, இன்ஸ்டா எல்லாம். இவ்வளவு கோர்வையாக அவர் என்னைப் பற்றி யாரிடமும் பேசிக் கேட்டதில்லை. அத்தை குறுக்கே பேசாமல் கேட்டார்.

‘அப்ப, அவ வேண்டாம்னதையும் அவ பேர்லயே வித்தானா, கொட்டுனதையும் அவ பேர்லயே பெருமையடிச்சானா?’

‘ஆமாம்மா.’

‘போனை அவகிட்டக் குடு.’ முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தார். ‘அம்மணி, நீ முழுங்குனதுக்கு உங்கூட நான் இன்னும் பேசறதில்லை. அது வேற. ஆனா அவனைய விடாதே.’

கட்.

பி. கத்தரிக்கோல் கொண்டுவந்தார். ஈர அட்டை, லேசில் வெட்டுப்படவில்லை. அவர் ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ள, ‘தேவிகா சரி என்றாள்’ எழுத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தேன்.