ஏழாவது மலை லாரியில் போய்விட்டது

உத்தமபாளையம்
18.11.2025

அன்பு மகள் ஷர்மினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் அம்மாவும் உன் அண்ணன் சலீம் வீட்டாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஷெரினும் அந்தப் பர்மிங்காம் குளிரில் மூக்கு ஒழுகாமல் இருக்கிறீர்களா. தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்கு ஸ்டாம்பு ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று நீ சிரிப்பாய். என்னம்மா செய்வது, நான் பேச ஆரம்பித்ததும் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய், அந்தச் சின்னது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்கிறது. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அந்த ஒரு குறையை நம்பித்தான் இந்த ரகசியத்தை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். அரையாண்டு விடுமுறைக்கு நீங்கள் இங்கே இருக்கப் போகிற இரண்டு வாரத்தில் ஒரு சனிக்கிழமை, ஷெரின், சலீமின் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு தேடல் விளையாட்டு வைக்கப் போகிறேன். ஏழு கடல் ஏழு மலைக்கு அப்பால் ஒரு கிளி, அந்தக் கிளிக்குள் அரக்கனின் உயிர் என்ற கதைதான் விளையாட்டு. ஒவ்வொரு கடலிலும் மலையிலும் ஒரு துப்புச் சீட்டு இருக்கும், அதை வைத்து அடுத்த இடத்தைக் கண்டுபிடித்துக் கடைசியில் கிளியைப் பிடிக்க வேண்டும். ஷெரினுக்காகச் சீட்டில் எழுத்தே இல்லை, எல்லாம் படம். நான் வரைந்த ஆட்டைப் பார்த்து உன் அம்மா நாற்காலி என்றாள், அது கிடக்கட்டும். கடலுக்குத் தெருக்குழாய், தோப்பு மோட்டார்த் தொட்டி என்று பார்த்து வைத்திருக்கிறேன், பள்ளிவாசலில் தொழுகைக்குமுன் கைகால் கழுவுகிற ஹவுலையும் நினைத்தேன், பாங்கு சொல்கிற மோதினார் என்னை ஒரு வழி பண்ணிவிடுவார் என்று விட்டுவிட்டேன். உன் அம்மாவின் குடிதண்ணீர் அண்டாவும் ஒரு கடல்தான், பிள்ளைகள் கையைக் கழுவிவிட்டுத்தான் கடலில் இறங்க வேண்டும் என்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள். மலைக்குச் சலீம் மாடி கட்டக் கொட்டிய மணல், எதிர்வீட்டு வைக்கோல் படப்பு என்று ஆறு கிடைத்தது, ஏழாவது நம் களத்துத் தேங்காய்க் குவியல். கிளியை அம்மா பச்சை ரவிக்கைத் துணியில் தைத்துவிட்டாள். அலகு வைக்கும்வரை அது கத்தரிக்காயாகத்தான் இருந்தது, அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லாதே.

அரக்கன் நான்தான் என்று முதலில் முடிவு செய்தேன். கரி பூசி, கம்பளி போர்த்தி, களத்தில் நின்று உறுமலாம் என்று இருந்தேன். அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு, “ஏற்கெனவே ஒங்களப் பாத்தா அந்தப் புள்ள அலறுது, இதுல வேசம் வேற போடணுமாக்கும்” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நீ மூன்று வருடத்துக்கு முன் வந்தபோது அவளுக்கு மூன்று வயது. என் தாடியையும் லாரிக்காரர்களோடு கத்திக் கத்திப் பெருத்த குரலையும் கண்டு, இருந்த பதினொரு நாளும் என்னிடம் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கையை நீட்டினேன், உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சின்னப்பிள்ளை என்று அப்போது சிரித்தேன், ஆனால் கார் போனபிறகு எனக்கு மிகவும் வலித்தது ஷர்மின். இப்போதும் வீடியோவில் என்னைக் கண்டால் விரலால் கேமராவை மூடிவிடுகிறாள், நான் நாளெல்லாம் அவள் விரலைத்தான் பார்க்கிறேன். இந்த முறையும் அவள் என்னிடம் வராமலே போய்விடுவாளோ என்ற பயம் எனக்கு இருக்கிறது, இந்த விளையாட்டே அதற்காகத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். பிள்ளையாக ஓடியது உன் அம்மாதான். முட்டி வலியைக்கூட மறந்துவிட்டு ஆறு மலையைத் தாண்டி, சீட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, யாரோ பின்னால் துரத்துகிற மாதிரி களத்துக்கு வந்தாள். வந்து பார்த்தால் ஏழாவது மலையைக் காணோம். அதற்கு முன்னால் காங்கேயத்து மில்லிலிருந்து போன் வந்திருந்தது, நான் ஆட்டுக்குக் கொம்பு வரைகிற மும்முரத்தில் வழக்கம்போல லாரியில் ஏற்றிவிடு என்று சொல்லியிருக்கிறேன். சுமை ஏற்றுகிற சின்னக்கருப்பு வெறும் தரையில் நார் கூட்டிக்கொண்டிருந்தான். அவனைக் கேட்டால், “நீங்கதான மொதலாளி ஏத்தச் சொன்னீக, மலையின்னு ஒரு வார்த்த சொல்லலையே” என்கிறான். சீட்டும் குவியலோடு போய்விட்டது, அந்த மில்காரர் தேங்காய்க்குள் என் ஆட்டைப் பார்த்து என்ன நினைத்தாரோ. அம்மா இடுப்பில் கை வைத்து என்னை மேலும் கீழும் பார்த்து, “மலைக்கா பஞ்சம், நீங்களே மல்லாக்கப் படுங்க, மேகமலையே தோத்துப் போகும்” என்றாள்.

அவள் என் தொப்பையைத்தான் கேலி செய்தாள், எனக்கு அதுதான் சரி என்று பட்டுவிட்டது. அரக்கன் என்றால் நிற்க வேண்டும், உறும வேண்டும். மலைக்கு அந்த வேலை எதுவும் இல்லை, சும்மா கிடந்தால் போதும். அதனால் ஏழாவது மலை நான்தான். களத்தில் பாயைப் போட்டுப் பச்சைப் போர்வையோடு கண்ணை மூடிப் படுத்திருப்பேன், கிளி என் சட்டைப் பையில் இருக்கும். கடைசி மலையில் கூட்டத்திலேயே இளையவர்தான் ஏறலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறேன், அது நம் ஷெரின்தான். கள்ளாட்டம்தான், சலீமின் மகன் ஹக்கீம் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவான், அவனுக்கு ஒரு பரோட்டாவில் வாயை அடைத்துக்கொள்கிறேன். கதையில் கிளியின் கழுத்தைத் திருகினால் அரக்கன் செத்துப்போவான். இதே கதைக்கு நீ ஆறு வயதில் அரக்கன் பாவம் என்று சாப்பிடாமல் படுத்தாய், உன் மகளும் அப்படி இருந்தால் என்ன செய்வது என்று மாற்றிவிட்டேன். கிளியை எடுத்ததும் மலைதான் அரக்கன், கிளி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னதை அவன் செய்ய வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும், கத்தாதே என்றால் கத்தக்கூடாது. என் உயிர் அவள் கையில் இருந்தால் அவளுக்கு என்மேல் எதற்குப் பயம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். போ, நன்னா ஒன்றும் செய்யமாட்டார் என்று அவளை முதுகில் தள்ளாதே, அப்படிச் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் பயம் கூடும். பாதியில் நின்றாலும் நிற்கட்டும், திரும்பி ஓடினாலும் ஓடட்டும். அன்று வராவிட்டால் மறுநாளும் அதே நேரத்துக்கு நான் பாயைப் போட்டுப் படுப்பேன், நீங்கள் ஊருக்குக் கிளம்புகிற நாள் வரைக்கும் படுப்பேன்.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், எப்போதும் பெட்டி நிறையச் சாக்லேட் கொண்டுவருகிறாரே, இந்த முறை பாதியாவது துணி கொண்டுவரச் சொல், மார்கழிக் குளிர் இங்கேயும் உண்டு. உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல பரக்கத்தும் தந்து பத்திரமாக வந்துசேர அல்லாஹ் அருள்புரியட்டும். படித்ததும் கடிதத்தை ஒளித்துவை. தொழுகையில் எனக்காக ஒன்று கேட்டுக்கொள்ளம்மா, களத்தில் நார்த்தூசி அதிகம், அவள் கை என் சட்டைப் பைக்குள் நுழைகிற அந்த நேரத்தில் மட்டும் எனக்குத் தும்மல் வந்துவிடக்கூடாது.

இப்படிக்கு,
அசையாமல் படுக்கப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அத்தா
ஷேக் மைதீன்