அம்மாவின் இடது கண்

மரக்காணம்
18.6.2006

அன்புள்ள மகன் அருண்ராஜுக்கு அப்பா கலியன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. ஐதராபாத்தில் நீயாவது உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். பூத்தில் நின்று போன் பேசினால் கத்திவிடுவேன், பின்னால் நிற்பவர்கள் கேட்பார்கள், அதனால்தான் லெட்டர்.

நீ கூரியரில் அனுப்பிய படம் வந்தது. மாசி மகத்துக்கு வந்திருந்தபோது அம்மாவை உப்புப் பாத்தி வரப்பில் உட்காரவைத்து இரண்டு நாள் பென்சிலில் வரைந்தாயே, அதை எங்களிடம் கொடுத்துவிட்டு, அதன் ஜெராக்ஸ் காப்பியை ஆபீஸ் நண்பர்களிடம் காட்டி, அவர்கள் சொன்ன திருத்தங்களோடு புதிதாக வரைந்தது இது என்று எழுதியிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் படத்துக்கு ஒருவர் குறை சொல்லிக்கொள்வீர்களாம், அதில் நீ நிறையக் கற்றுக்கொண்டாயாம். கற்றுக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காது கீழே இறங்கியிருக்கிறது என்று ஒருவர் சொன்னது சரிதான், எனக்கே அது உறுத்தியது, இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் தாடைக்குக் கீழே நிழல் இல்லை, தப்பு என்று இன்னொருவர் சொன்னதும் கன்னங்கரேலென்று தீட்டி வைத்திருக்கிறாயே, உன் புத்தி எங்கே போயிற்று. உப்பு விளைந்த பாத்தியில் வெயில் மேலேயிருந்து மட்டுமா அடிக்கிறது, கீழேயிருந்தும்தானே மூஞ்சியில் அடிக்கிறது, அவ்வளவு நிழல் எப்படி விழும். பாத்தியைப் பார்க்காதவர் சொல்லலாம். பள்ளிக்கூட லீவெல்லாம் அதில் உப்பு வாரியவன் நீ, எங்கள் ஊர் வெளிச்சம் இப்படித்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா.

நிழல் போகட்டும், கண்ணுக்கு வருகிறேன். உங்கள் கூட்டத்தில் சங்கீதா என்கிற பெண், இடது கண்ணில் மூக்கோரமாக வெள்ளையாக ஏதோ இருக்கிறதே, நிஜமாகவே அப்படியா என்று கேட்டாளாம், நீ தப்பாகப் போட்டுவிட்டேன் என்று சொல்லி புதுப் படத்தில் அதை அழித்துச் சுத்தமாக்கினாயாம். இதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். அந்தப் பெண் குறை சொல்லவில்லையடா, கேள்வி கேட்டாள். உனக்குப் பதில் தெரியாவிட்டால் வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். நீ ரப்பரை எடுத்திருக்கிறாய்.

இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உன் அம்மாவை வாசல் வெளிச்சத்தில் நிற்கவைத்தேன். நீ முதலில் போட்டபடியே கண்ணில் சதை வளர்ந்து கருவிழியில் ஏறிக்கொண்டிருக்கிறது. எத்தனை நாளாக என்று கேட்டால், ரெண்டு வருஷமா இருக்குது, உப்புல நிக்கறவங்களுக்குக் கண்ணு உறுத்தத்தான் செய்யும், தண்ணிய அடிச்சிக்கினு வேலையப் பாக்கறதுதான் என்கிறாள். கூட வேலை செய்யும் செல்லம்மாளும் அதையேதான் சொல்கிறாள். திட்டி இழுத்துக்கொண்டுதான் பாண்டி கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சதை கருவிழி நடுவுக்கு வந்துவிட்டால் பார்வை மறைத்துவிடும், அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் வருகிற 28-ந் தேதி புதன்கிழமை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். நீங்க ஒருத்தரும் பாக்கவே இல்லீங்களா என்று அவர் கேட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல்தான். மூன்று மாதமாக உன் முதல் படம் சுவரில் தொங்கியது, வந்தவர் போனவருக்கெல்லாம் என் மகன் வரைந்தது என்று காட்டினேனே தவிர அதில் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை. நீ பார்த்தாய். பார்த்ததைப் போட்டாய். பிறகு உன் கண்ணையே நீ நம்பாமல் விட்டாய், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது கேள். உன் அம்மா ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்கிறாள். உப்பு சீசன் முடியட்டும் என்றாள், நான் கத்தினேன். உடனே பழைய படத்தைக் கழற்றிவிட்டு நீ அனுப்பிய புதுப் படத்தை அதே ஆணியில் மாட்டி, படிச்ச புள்ள, பட்டணத்துல பத்து பேரக் கேட்டு சரி பண்ணிப் போட்டிருக்கான், கண்ணுல ஒண்ணும் இல்லன்னு அவனே காட்டிட்டான், டாக்டருக்கு என்ன தெரியும் என்கிறாள். என் பேச்சு எடுபடவில்லை, டாக்டர் பேச்சும் எடுபடவில்லை.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதாதே. 26-ந் தேதி திங்கட்கிழமைக்குள் வந்து சேர். வழியில் கண்டதைத் தின்னாதே, ரயிலில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கு. அங்காளம்மன் உன்னைக் காப்பாற்றட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்குக் குறை கிடையாது. வரும்போது பென்சில் கொண்டுவா. சுவரில் இருக்கிற படத்தை இறக்கி, நீ அழித்ததை உன் அம்மா பார்க்க உன் கையாலேயே திரும்பப் போட வேண்டும்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அப்பா
கலியன்