மெனிக்கே முறுக்கு

ஆவணி 14, செவ்வாய்.

புசல்லாவைப் பரமேஸ்வரியம்மாவின் முறுக்குக்கு இன்று லைசென்ஸ் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

போன வருசக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்ப் பேர் போட்ட சாமானைக் கண்டிக் கடைகள் எடுப்பதில்லை. பக்கெற்றில் 'மெனிக்கே' என்று ஒரு சிங்களப் பெண்ணின் பேர் போடச் சொன்னவன், சிறுதொழில் உத்தியோகத்தனான நான்தான்.

லைசென்ஸுக்காகச் சிங்களப் பரிசோதகர் வந்தபோது அந்த அம்மா வெறும் நெற்றியோடு நின்றார். புருஷன் பக்கத்திலேயே நிற்கிறார்.

"பொட்டு எங்கையம்மா?" என்று மெல்லக் கேட்டேன்.

"அழிச்சிட்டேங்க சார். மெனிக்கே பொட்டு வைக்க மாட்டாங்கல்ல?"

புருஷன் தலையைக் குனிந்துகொண்டார். வைக்கச் சொல்லத்தான் வாயெடுத்தேன். பரிசோதகர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார்.

"அதுதான் நல்லம்" என்றேன்.