இரண்டு புள்ளடி

இக்காஸ்ட்
2026 மார்ச் 14, சனிக்கிழமை, முற்பகல் 9.40

பொருள்: உமது கல்வெட்டு, ஏழாம் பக்கம், மூன்றாம் பந்தி

நண்பரே,

உமது முப்பத்தோராம் நாளன்று வருபவர்களுக்குக் கொடுக்கவிருக்கும் கல்வெட்டின், அதாவது நினைவு நூலின், மாதிரிப் பிரதி நேற்று மாலை வந்து சேர்ந்தது. சமையலறை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அட்டையில் உமது தேர்தல் சுவரொட்டிப் படம். நீலக் கழுத்துப்பட்டியுடன் சிரிக்கிறீர். அந்தக் கழுத்துப்பட்டி என்னுடையது. படம் எடுக்க அரை மணி நேரம் போதும் என்று வாங்கிக்கொண்டு போனீர். என் கழுத்தில் அது ஒருநாளும் இவ்வளவு எடுப்பாக இருந்ததில்லை. நீர் மறைந்த இருபத்துமூன்றாம் நாளிலும் எனக்கு முதலில் தோன்றியது இந்த எண்ணந்தான். அதை மறைத்துவிட்டு இம்மடலை எழுதுவதில் பயனில்லை.

பிரதியை அனுப்பியவள் உமது மகள். தொலைபேசியில், "அல்ஸோ, மாமா" என்று டேனிஷில் தொடங்கி, மூச்சு வாங்கித் தமிழுக்கு வந்தாள்.

"நீங்கள் ஒருக்கா வாசிச்சுப் பாக்கோணும். ஒரு திகதியும் பிழைக்கக் கூடாது. திகதி எண்டால் மாமாட்டைக் கேள் எண்டுதான் அப்பா எப்பவும் சொல்லுறவர்."

"அவ்வளவுதான் சொன்னவரோ?"

"வேறையும் சொல்லுவார். அதெல்லாம் இப்ப வேண்டாம்" என்று சிரித்தாள். அது உமது சிரிப்பு. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போகவேண்டுமாம்.

முதல் ஆறு பக்கங்களில் நான்கு பிழைகளைத் திருத்தினேன். நீர் இக்காஸ்டுக்கு வந்திறங்கியது வெள்ளிக்கிழமை என்று எழுதியிருக்கிறாள். அது வியாழக்கிழமை. நிலையத்தில் குடையுடன் நின்றவன் நான். ஏழாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. "2009 நவம்பர் 17 அன்று நடைபெற்ற பிராந்திய சபைத் தேர்தலில், மக்களிடையே போதிய அறிமுகம் இல்லாமையால் அப்பா தோல்வியுற்றார்."

திகதி சரி. காரணம் பொய். அவள் மீது குற்றமில்லை. உண்மையான காரணத்தை அறிந்தவர்கள் இருவர். ஒருவர் நீர்.

உமக்கா அறிமுகம் இல்லை? துணித் தொழிற்சாலையில் எட்டு ஆண்டுகள் ஒரே பணிநேரத்தில் வேலை செய்தோம். நீர் பிழையான டேனிஷை உரக்கப் பேசினீர். நான் சரியான டேனிஷை மெதுவாகப் பேசினேன். மேற்பார்வையாளர் தேடி வந்தது உம்மைத்தான். தொழிற்சங்கப் பிரதிநிதி ஆனீர், பாடசாலைப் பெற்றோர் குழுவில் அமர்ந்தீர், கட்சியில் சேர்ந்தீர். உமது கடிதங்களையெல்லாம் நான் திருத்தினேன். கைதட்டு விழுந்த இடங்களில் பாதி என் வசனங்கள். அவற்றை நான் சொல்லியிருந்தால் ஒருவரும் தட்டியிருக்கமாட்டார்கள் என்பதையும் அறிவேன். அதுதான் எரிச்சல்.

பிராந்திய சபைக்கு நிற்கும்படி கட்சி உம்மைக் கேட்டபோது, நானும் நிற்பேன் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னேன். எவரும் என்னைக் கேட்கவில்லை. வயதில் மூத்தவன் என்றேன், வேறு தகுதி உடனே வாயில் வரவில்லை. நீர் முகம் கோணாமல் சொன்னீர்: "நில்லுங்கோ அண்ணை. பத்தொன்பது நாள் மூப்பெல்லோ, மரியாதை தரத்தானே வேணும்." மண்டபமே சிரித்தது. இரண்டு பெயர்களும் ஒரே பட்டியலில் ஏறின.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். 2009 நவம்பர் 15, பிற்பகல் இரண்டு மணி, தமிழ்ப் பாடசாலை மண்டபம். வாக்களிக்கும் முறையை நம் சனத்துக்கு விளக்கும் பொறுப்பை நீர் என்னிடம் தந்தீர். "நான் சொன்னால் குழப்பிப்போடுவன் அண்ணை. நீங்கள் சட்டப் புத்தகம் படிச்ச ஆள்" என்றீர். உண்மைதான். விதிகளை முன்னும் பின்னுமாக இரண்டு முறை வாசித்திருந்தேன். மாதிரிச் சீட்டை உயர்த்திப் பிடித்து, வாக்காளர் அட்டையைக் கொண்டுவருவது, பெயருக்கு நேரே பெருக்கல் குறிபோலப் புள்ளடி இடுவது, சீட்டை மடிப்பது என எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். நீர் பின்புறம் நின்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்.

முன்வரிசையில் மணி அக்கா எழுந்தா. மீன் வெட்டும் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவ. அவவின் பேச்சை இருபது குடும்பங்கள் கேட்கும்.

"தம்பி, ஒருத்தருக்குப் போட்டிட்டு மற்றவரை விட்டால் நாளைக்கு அவரின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது? ஊரிலை மூண்டு பேருக்கு விருப்பு வாக்குப் போடலாமெல்லோ. இஞ்சையும் ரெண்டு பேருக்கும் புள்ளடி போட்டால் என்ன?"

"ஓம் ஓம், அதுதான் சரி" என்றார்கள் பின்னாலிருந்து. "ஒருத்தருக்கும் மனநோ வராது."

இங்கே ஒரே பட்டியலில் இருவருக்குப் புள்ளடி இட்டால், வாக்கு கட்சிக்குப் போகும். இருவரில் ஒருவருக்கும் சேராது. பட்டியலில் யார் சபைக்குப் போவது என்பதைத் தனி வாக்குகளே தீர்மானிக்கும். நான் அதை அறிவேன். ஒன்றுதான் போடலாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்ன மறுகணம் அத்தனை தலைகளும் தேநீர் ஊற்றும் மேசைப் பக்கம் திரும்பும் என்பதையும் அறிவேன். அதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

"உங்கடை விருப்பம் அக்கா" என்றேன்.

செவ்வாய்க்கிழமை சனம் மழையில் வரிசையில் நின்று, பெரிய மனத்தோடு, இருவருக்கும் புள்ளடி இட்டது. நான் எனக்கு மட்டும் இட்டேன். வாக்கெண்ணும் மேசையில் நின்ற கட்சிக்காரர் ஒருவர், நம் இரு பெயர்களுக்கும் நேரே புள்ளடி இட்ட சீட்டுகள் ஒரு கட்டு இருந்ததாக உமக்குச் சொன்னார். உமக்குக் குறைந்துபோன வாக்குகள் அந்தக் கட்டைவிடக் குறைவு. இரண்டு எண்களும் எனக்கு மனப்பாடம். எண்களை எழுதத் தயங்கியது என் வாழ்நாளில் இதுதான் முதல் முறை.

நீர் வீட்டுக்கு வந்து எனக்கு ஆறுதல் சொன்னீர். "எங்கடை சனம் உங்களையும் விடேல்லை, என்னையும் விடேல்லை. பாவங்கள், விதி தெரியாதுதானே." தெரியாதுதானே என்னும்போது என்னைப் பார்க்காமல் சப்பாத்தைக் கட்டிக்கொண்டிருந்தீர். அன்று உமக்குத் தெரியுமா என்று எனக்கு விளங்கவில்லை.

2013இல் விளங்கியது. அதே மண்டபம். நான் மாதிரிச் சீட்டுடன் முன்னால் போனேன். நீர் என் தோளில் கை வைத்தீர். "இந்த முறை நான் சொல்லுறன் அண்ணை. நீங்கள் தேத்தண்ணி ஊத்துங்கோ." குரலில் ஒரு கசப்பும் இல்லை. நான் அன்று அறுபது கோப்பை ஊற்றினேன். நவம்பர் 19 இரவுச் செய்தியில் உமது பெயர் வந்தது.

அதன்பின் எட்டு ஆண்டுகள் வீபோர்க் நகரில் சபை. மருத்துவமனைக்கு எதிரே துப்புரவுப் பெண்கள் பனியில் நிற்கும் பேருந்துத் தரிப்பிடத்துக்குக் கூரை கேட்டு ஒன்றரை ஆண்டு விடாமல் பேசினீர். கூரை வந்தது. அந்தக் குறையை முதலில் கண்டவன் நான். கண்டேன், பேசாமல் வீட்டுக்கு வந்தேன். மருத்துவமனைகளைப் பார்க்க ஸ்கொட்லாந்துக்குப் போன குழுவில் உம்மையும் சேர்த்தார்கள். அங்கிருந்து அஞ்சலட்டை அனுப்பினீர்: "இங்கை உங்களைப் போலை ஒரு ஆள், ஒவ்வொரு கட்டிடத்துக்கும் திகதி சொல்லுறார்." படிக்காமலே முத்திரைத் திகதியைத்தான் முதலில் பார்த்தேன். 2017இல் மறுபடியும் வென்றீர். 2021இல் சிறுநீரகம் விடவில்லை. இறுதிச் சடங்கில் சபைத் தலைவி உம்மைப் பற்றி ஏழு நிமிடம் பேசினார். என்னைப் பற்றி ஏழு நிமிடம் பேச எவரிடம் என்ன இருக்கும் என்று எண்ணிக்கொண்டே மலர் வைத்தேன்.

உமது மகளின் வரியை அப்படியே விட்டால் எனக்கு ஒரு கேடும் இல்லை. மணி அக்காவும் போய்விட்டா. ஆனால், அறிமுகம் இல்லாத மனிதர் என்று உம்மைப் பற்றி அச்சில் இருக்கும். உமது பேரப்பிள்ளைகள் அதைத்தான் வாசிப்பார்கள். உம்மைக் குறைத்துப் பேச எனக்கு எவ்வளவோ ஆசை இருந்தது. ஆனாலும் இந்தப் பொய் எனக்கே பொறுக்கவில்லை.

உண்மையை எழுதினால் சனம் என்ன சொல்லும் என்பதும் தெரியும். "தெரிஞ்சும் ஒரு சொல்லுச் சொல்லாமல் இருந்திருக்கிறார், என்ன மனுசன்!" என்று உம்மைத்தான் புகழும். என் குற்றம்கூட உமது வரலாற்றில் ஒரு நல்ல பந்தியாகிவிடும். அதை எண்ண இப்போதும் நெஞ்சு எரிகிறது. இந்த எரிச்சலை நான் இனியும் சுமப்பேன். அதைத் தோளில் கைவைத்து ஒரு பக்கம் நகர்த்திவிட இனி நீர் இல்லை.

நேரம் பகல் 12.05. கையெழுத்து இன்னும் ஒழுங்காகவே இருக்கிறது.

இத்துடன் இணைப்பவை:

(அ) திருத்திய ஆறு பக்கங்கள்.

(ஆ) உமது மகளுக்கு ஒன்றரைப் பக்கக் கடிதம். மற்றவற்றுக்கு முன் அதை அவள் வாசிக்கவேண்டும். கடைசிப் பக்கத்தில் "சரிபார்த்தவர்" என்று என் பெயர் இருக்கிறது. அதை வைப்பதும் எடுப்பதும் அவள் விருப்பம்.

(இ) ஏழாம் பக்கம். பழைய வரி வெட்டப்பட்டது. புதிய வரி, என் முழுப்பெயருடனும் கையொப்பத்துடனும்: "வாக்களிக்கும் முறையை விளக்கும்படி அவர் நம்பி நிறுத்திய நண்பர், விதியை அறிந்தே மறைத்தமையால், அப்பா சபைக்குத் தெரிவாவது நான்கு ஆண்டுகளும் இரண்டு நாட்களும் பிந்தியது."